பிறந்த ஊரில் முப்பது நாள்

திரும்பி வருவோர் – 14

மாரிமழை பிடிக்கிற காலத்தில்தான் ரொறன்ரோக்காரர் திருகோணமலையில் வந்து இறங்குகிறார்கள். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சீசன் முடிந்து ஹோட்டல் அறைகள் பாதி காலியாகிவிடும். அதே நேரத்தில் உவர்மலையிலும் பாலையூற்றிலும் வருடம் முழுக்கப் பூட்டியிருந்த வீடுகள் திறக்கும். அங்கே பனி. இங்கே மழைதான் என்றாலும் கை கால் விறைக்காது. நவம்பரில் வந்து, பங்குனியில் பத்திரகாளி அம்மனின் தேரையும் கோணேசரின் திருவிழாவையும் பார்த்து, சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு புறப்படுவது பலருடைய திட்டம். கூட்டிப் பார்த்தால் ஐந்தரை, ஆறு மாதம் வரும். கையில் இருக்கும் அனுமதியோ 30 நாளுக்கு.

2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இலத்திரனியல் பயண அனுமதி, ஈ.ரி.ஏ. என்று எல்லாருக்கும் தெரிந்தது, சுற்றுலாப் பயணியை நினைத்துச் செய்யப்பட்டது. புறாத்தீவில் முருகைக்கல் பார்க்க வரும் ஜெர்மன்காரருக்கும், லிங்கநகரில் பிறந்து இந்துக் கல்லூரியில் படித்தவருக்கும் அதில் வித்தியாசம் கிடையாது. கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையது என்பது மட்டுமே கேள்வி.

நம்மவர்களுக்கு முதலில் பிடிபடாத இடம் இதுதான். கனடாப் பிரஜையாகச் சத்தியம் செய்த ஒரு பெரியவருக்கும் இங்கே இருக்கும் அவருடைய பெறாமகனுக்கும் நடந்த பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“என்ட பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருக்கு, அடையாள அட்டை இருக்கு. பிறகென்னத்துக்கு விசா?”

“பெரியப்பா, நீங்க அங்க பிரஜையானதோட இங்கத்தைப் பிரஜாவுரிமை போயிட்டுது. அட்டை பெட்டிக்குள்ள இருந்து என்ன செய்ய?”

பெறாமகன் சொன்னது சரி. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் தன் விருப்பத்தோடு வேறு நாட்டுப் பிரஜையானால் இலங்கைப் பிரஜாவுரிமை தானாகவே இல்லாமல் போகும். யாரும் கடிதம் போட்டு அறிவிக்க மாட்டார்கள். காலாவதியாகாத பழைய இலங்கைக் கடவுச்சீட்டை நீட்டி உள்ளே வரலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது செலவைக் குறைக்கும் வழியல்ல, குற்றம்.

ஈ.ரி.ஏ.யை நீட்டிப்பது முன்னைப் போலக் கஷ்டமில்லை. முன்பு இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ கொழும்புக்குப் போய், விடியற்காலையில் முகம் கழுவி, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் இலக்கம் எடுத்துக் காத்திருக்க வேண்டும். கொரோனாக் காலத்துக்குப் பிறகு இதை இணையத்திலேயே முடிக்கலாம். கடவுச்சீட்டின் பிரதி, படம், தங்கும் முகவரி, வங்கி அட்டை இருந்தால் போதும். வழமையாக, வந்த நாளிலிருந்து மொத்தம் ஆறு மாதம் வரை இப்படி இருக்கலாம். முப்பதாவது நாள் முடிவதற்கு முன் விண்ணப்பிக்க வேண்டும், பதில் மின்னஞ்சலை அச்சடித்துக் கடவுச்சீட்டோடு வைத்திருக்க வேண்டும். அச்சடித்த தாளைப் பலர் கவனிப்பதில்லை. கட்டுநாயக்கவில் புறப்படும் நேரத்தில், இணைய இணைப்பில்லாத கைபேசியில் அந்த மின்னஞ்சலைத் தேடுகிறவர்களைப் பார்க்கலாம்.

நீட்டித்தாலும் அது வருகை விசாதான். சம்பளத்துக்கோ சம்பளமில்லாமலோ வேலை செய்யக் கூடாது. சும்மா இருக்க முடியாத ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டு விறாந்தையில் ஓ.எல். பிள்ளைகளுக்கு ரியூசன் வைத்தாலும் விதி விதிதான். மேல்மாடியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு, தானே நின்று நடத்த நினைப்பவரும் இதை யோசிக்க வேண்டும்.

இங்கத்தைய நாட்களை எண்ணுகிறவர்கள் அங்கத்தைய நாட்களை எண்ண மறந்துவிடுகிறார்கள். ஒன்ராறியோவின் மருத்துவக் காப்புறுதி தொடர, எந்த 12 மாதத்தை எடுத்தாலும் குறைந்தது 153 நாள் மாகாணத்தில் இருந்திருக்க வேண்டும். கனடாவின் முதியோர் ஓய்வூதியத்தை, 18 வயதுக்குப் பின் 20 வருடம் அங்கே வாழ்ந்தவர் வெளிநாட்டிலும் பெறலாம். ஆனால் வருமானம் குறைந்தவருக்கு அதன்மேல் கிடைக்கும் உத்தரவாத வருமானக் கொடுப்பனவு, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். நம்முடைய பெரியவர்களில் கணிசமானவர்கள் இந்தக் கொடுப்பனவில்தான் மாதத்தை ஓட்டுகிறார்கள். லண்டன்காரர் நிலைமை இதைவிட இறுக்கம். பென்ஷன் கிரெடிட் சாதாரணமாக நான்கு வாரத்துக்கு மேல் வெளியே இருந்தால் இல்லை. இலங்கையிலேயே குடியிருக்க வந்துவிட்டால், பிரித்தானிய அரச ஓய்வூதியம் வந்த அன்று இருந்த தொகையிலேயே நிற்கும், ஆண்டுதோறும் உயராது. விசாப் படிவத்தை நிரப்புவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும் என்பேன்.

ஆறு மாதம் முடிந்ததும் வெளியே போய் மறுபடி வந்து, மறுபடி நீட்டி, இப்படியே வருடக்கணக்கில் ஓட்டலாம் என்று நம்புகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. 2024ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். உக்ரைன் போர் தொடங்கிய பின் இரண்டு வருடமாக நீட்டிப்புப் பெற்றுவந்த ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் இரண்டு வாரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று பெப்ரவரியில் அறிவித்தார்கள். அமைச்சரவைக்குத் தெரியாமல் எடுத்த முடிவென்று ஜனாதிபதி அலுவலகம் அதை விசாரிக்கச் சொன்னது. ஏப்ரலில் விசா வழங்கும் வேலை வீ.எஃப்.எஸ். குளோபல் உள்ளிட்ட வெளிநாட்டு நிறுவனங்களிடம் போனது, கட்டணமும் கூடியது. சம்பிக்க ரணவக்க, ரவூப் ஹக்கீம், சுமந்திரன் ஆகியோர் வழக்குப் போட, ஆகஸ்ட் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை இடைநிறுத்தியது. அந்த உத்தரவை நிறைவேற்றாததற்காகக் குடிவரவுக் கட்டுப்பாட்டாளர் நாயகமே செப்டம்பரில் விளக்கமறியலுக்குப் போனார். அதன் பிறகுதான் பழைய ஈ.ரி.ஏ. திரும்பி வந்தது. ஒரே வருடத்தில் இத்தனையும் நடக்கிற இடத்தில், எழுபது வயதுக்காரர் தன் கடைசிக் காலத்தை ஆறு ஆறு மாதமாக நம்பி ஒப்படைக்கலாமா?

55 வயது கடந்தவர்களுக்கு ‘மை ட்ரீம் ஹோம்’ என்றொரு விசா இருக்கிறது. 15,000 அமெரிக்க டொலரை இங்கே வைப்பிலிட்டு, மாதம் 1,500 டொலர் கொண்டுவர வேண்டும். இரண்டு வருடத்துக்குத் தருவார்கள், புதுப்பிக்கலாம். ஐரோப்பிய ஓய்வூதியர்களுக்கு இது பொருந்தும். இங்கே பிறந்தவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அவருக்கு இரட்டைப் பிரஜாவுரிமை இருக்கிறது.

1987ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வந்த ஏற்பாடு அது. 2011இல் நிறுத்தி, 2015இல் மறுபடி தொடங்கினார்கள். இழந்த பிரஜாவுரிமையை மீளப் பெற 55 வயது கடந்திருந்தால் அதுவே ஒரு தகுதி. வயது குறைந்தவர் கல்வி அல்லது தொழில் தகைமையையோ, இங்கே உள்ள சொத்தையோ, வங்கி வைப்பையோ காட்டலாம். கட்டணம் கனம்தான். ஆனால் ஒரு தடவை கட்டினால் பிறகு நீட்டிப்பும் இல்லை, நாள் எண்ணுவதும் இல்லை. தேர்தலில் நின்று பாராளுமன்றம் போக மட்டும் முடியாது. 2022இல் 21ஆம் திருத்தம் அந்தக் கதவை மறுபடி அடைத்துவிட்டது.

கஷ்டம் பணத்தில் இல்லை, பெயரில். பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் எடுத்த பிறப்புப் பத்திரத்தில் பிள்ளையின் பெயர் ஒரு சொல்லாக இருக்கும், தகப்பன் பெயர் வேறு கூட்டில் இருக்கும். கனடாக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். பெண்களுக்குக் கலியாணத்துக்குப் பிறகு கணவன் பெயர். அகதி விண்ணப்பத்தில் யாரோ எழுதிக்கொடுத்த எழுத்துக்கூட்டல் முப்பது வருடமாக அப்படியே நிற்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். பிறப்புப் பதிவே கிடைக்காவிட்டால் அலைச்சல் இன்னும் கூடும். சுனாமியில் தாள்களைப் பறிகொடுத்த கரையோரக் குடும்பங்களுக்கு இது புதிதில்லை. அதனால் முதல் ஆறு மாத வருகையை இந்தத் தாள்களைச் சேர்ப்பதற்கென்றே வைத்துக்கொள்வது நல்லது. வாழும் நாட்டின் பொலிஸ் நற்சான்றும் கேட்பார்கள். அதை அங்கிருந்தே எடுத்து வாருங்கள்.

இதில் அவசரம் எங்கே வருகிறதென்றால், காணியில். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரஜைக்கு அந்தத் தடை இல்லை. தகப்பன் உறுதி எழுதாமல் இறந்தால், நெருங்கிய உரித்தாளராக வெளிநாட்டுப் பிள்ளைக்கும் பங்கு வரலாம். ஆனால் பக்கத்து வளவைத் தம்பியிடம் வாங்கிச் சேர்க்க நினைத்தால் நொத்தாரிசு முதலில் கேட்பது கடவுச்சீட்டைத்தான். இதற்கு மாற்றாக உறவினர் பெயரில் காணி வாங்கிவிட்டு அற்றோணித் தத்துவத்தை நம்பியிருப்பவர்கள் ஊரில் நிறையப் பேர். அவர்களுடைய கதை அடுத்த வாரம்.