தியானம் ஏன் பாதியிலேயே நின்றுபோகிறது?

"கண்ணை மூடினால்தான் ஊர்க் கவலையெல்லாம் வருது. நமக்கு இது சரிப்படாது." தியானத்தை விட்டவர்களிடம் கேட்டால் அநேகமாக இதைத்தான் சொல்வார்கள். கேஸ் புக் பண்ணவில்லை, மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவில்லை, நேற்று மேலதிகாரி அப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். மனம் நிற்கவில்லை, தோற்றுவிட்டோம் என்று எழுந்துவிடுகிறார்கள். அவர்கள் செய்ததில் எந்தத் தவறும் இல்லை. எதிர்பார்த்ததுதான் தவறு.

மனம் அலைவது இயல்பு

வேலை எதுவும் கொடுக்காமல் சும்மா இருக்கவிட்டாலும் மூளை ஓய்வதில்லை. அப்போதும் அதன் சில பகுதிகள் சேர்ந்து சுறுசுறுப்பாக இயங்குவதை அமெரிக்க நரம்பியல் அறிஞர் மார்கஸ் ரெய்க்லேயும் அவருடைய குழுவினரும் 2001இல் விளக்கினார்கள். நடந்ததை அசைபோடுவதும், நடக்கப்போவதை எண்ணிப் பதறுவதும், நம்மைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் இந்த இயக்கத்தோடு தொடர்புடையவை. ஆகவே கண்ணை மூடியதும் எண்ணம் வருவது மூளையின் வழக்கமான வேலை.

மூச்சைக் கவனிக்கிறோம். மனம் எங்கோ போகிறது. போனது சற்று நேரம் கழித்துத்தான் தெரிகிறது. தெரிந்ததும், நம்மை நாமே கடிந்துகொள்ளாமல் மூச்சுக்குத் திரும்புகிறோம். அந்தத் திரும்புதல்தான் பயிற்சி. ஐந்து நிமிடத்தில் இருபது முறை மனம் ஓடி, இருபது முறையும் திரும்பியிருந்தால் அன்று நன்றாகவே பயிற்சி செய்திருக்கிறீர்கள்.

எப்படி உட்காருவது?

பத்மாசனம் கட்டாயம் இல்லை. தரையில் சம்மணமிட முடிந்தால், ஒரு போர்வையை நாலாக மடித்துப் புட்டத்துக்கு அடியில் மட்டும் வையுங்கள். இடுப்பு கொஞ்சம் உயர்ந்து முழங்கால்கள் தாழ்ந்தால் முதுகு சிரமமில்லாமல் நிமிரும், கால் மரத்துப்போவதும் குறையும். முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலியில், பாதம் இரண்டும் தரையில் பதிய உட்காரலாம். பலனில் எந்தக் குறையும் வராது.

மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், அது போகிற போக்கில் போகட்டும். உள்ளே போகும் காற்று மூக்கு நுனியில் சற்றுக் குளிர்ச்சியாகவும், வெளியே வருவது இளஞ்சூடாகவும் படும். அந்த இடத்தில் கவனத்தை வையுங்கள். மூச்சை வெளிவிடும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று பத்து வரை மனதுக்குள் எண்ணலாம். எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து.

எண்ண விருப்பமில்லாதவர்கள் மனதுக்குப் பிடித்த ஒரு சொல்லைச் சொல்லலாம். ஹார்வர்ட் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975இல் வெளியிட்ட நூலில் விளக்கிய முறையும் இதுதான். முருகா என்றோ, அல்லாஹ் என்றோ, இயேசுவே என்றோ, வெறுமனே அமைதி என்றோ இருக்கட்டும்.

பழக்கமாகப் படிவதற்கு

ஒரு மண்டலம் செய்தால் பழகிவிடும் என்பார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரிடம் நடத்திய ஆய்வு சொல்வது வேறு. காலை உணவுக்குப் பின் தண்ணீர் குடிப்பது, இரவு உணவுக்கு முன் ஓடுவது போல ஏதாவது ஒன்றைத் தினமும் செய்யச் சொன்னார்கள். அது தன்னால் நடக்கும் பழக்கமாக ஆவதற்கு 18 முதல் 254 நாட்கள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். நடுமதிப்பு 66 நாள். இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. என்னைக் கேட்டால், அந்த ஆய்வில் நமக்கு மிகவும் தேவையான செய்தி இந்தக் கடைசி வரிதான். நேற்று விட்டுப்போனதென்றால் இன்று உட்காருங்கள், அவ்வளவே.

ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒன்றோடு தியானத்தைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். பல் துலக்கிய பிறகு, காபிக்கு முன்பு என்பது பலருக்கும் ஒத்துவரும். முதல் மாதம் ஐந்து நிமிடம் போதும். அரை மணி நேரம் என்று தொடங்கினால் வேலை நெருக்கும் முதல் நாளே அதுதான் அடிபடும். செல்போனில் டைமர் வைத்து, மற்ற ஒலிகளை அணைத்துக் கை எட்டாத தூரத்தில் வைத்துவிடுங்கள். குக்கர் விசில், பக்கத்து வீட்டு மிக்சி எல்லாம் கேட்கும். கேட்கட்டும். கேட்டதைக் கவனித்து மூச்சுக்குத் திரும்பலாம்.

தனியாகச் செய்யச் சோம்பல் வருகிறவர்களுக்குக் கூட்டு உதவும். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, குடும்பம் நடத்துகிறவர்களுக்கென்றே வகுத்த மனவளக்கலை இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் கற்றுத்தரப்படுகிறது. அங்கே கூட்டுத் தவத்துக்கு வருகிறவர்களில் இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்றவர்களும் நிறையப் பேர்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

2014இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வெளியான ஓர் ஆய்வு, சுமார் 3,500 பேர் பங்கேற்ற 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைந்ததற்குச் சான்று இருந்தது. ஆனால் உடற்பயிற்சியையோ மருந்தையோ விடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று இல்லை. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துச் செய்யலாம் என்பதே 2017இல் அமெரிக்க இதயச் சங்கம் எடுத்த நிலை. தியானம் செய்கிறோம் என்று பிரஷர் மாத்திரையையோ சர்க்கரை மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

தீவிர மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். நாள் முழுக்க மௌனமாக இருக்கும் நீண்ட முகாம்களுக்கு எடுத்த எடுப்பிலேயே போக வேண்டாம். பழைய கொடுமையான நினைவு ஏதாவது மேலெழுந்து நெஞ்சு படபடத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. கண்ணைத் திறந்து, எழுந்து கொஞ்சம் நடந்து, நெருங்கிய யாரிடமாவது பேசுங்கள். அந்தப் படபடப்பு தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.