ஆட்டிசக் குழந்தையும் வணிகர் குடும்பமும்



காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் நாம் வீடு திரும்புகிறோம். பிள்ளைகள் எழும் முன் போய், தூங்கிய பின் வருகிறோம். ஆகவே குழந்தை ஒன்றரை வயதாகியும் ஒரு சொல் பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை என்பதை முதலில் கவனிப்பவர் தாய்தான். "ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். இப்படித் தள்ளிப்போடும் காலமே பெரிய நஷ்டம்.

ஆட்டிசம் தொற்றுநோய் அல்ல. மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு. வளர்ப்புக் குறையாலோ, தடுப்பூசியாலோ வருவதல்ல. தாயைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை. முற்றிலும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்து விற்கப்படும் மருந்துகளுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அப்படி ஒரு மருந்து கிடையாது. பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியவையே பயன் தருபவை. இளம் வயதிலேயே தொடங்குவது நல்லது. அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது.

ஒரு மளிகைக் கடைக்காரர் வீட்டில்

நமக்குத் தெரிந்த சில்லறை மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மகனுக்கு ஆட்டிசம். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். வழக்கமான தெருவை விட்டு வேறு தெருவில் போனால் அழுவான். தாயார் ஒரு வழி கண்டார். குளியல், இட்லி, வேன், பள்ளி என்று அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டினார். அடுத்து என்ன என்பது தெரிந்ததும் பையனின் அழுகை குறைந்தது.

ஒரு தனியார் பள்ளி, "மற்ற பிள்ளைகளுக்கு இடைஞ்சல்" என்று பாதி ஆண்டில் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டது. பிறகு சேர்த்த பள்ளியில் ஆசிரியை அவனை முன் வரிசையில் உட்கார வைத்தார். மணி அடிக்கும் முன் அவனுக்குச் சொல்லிவைத்தார். தந்தை மதியம் இரண்டு மணி நேரம் கடையைத் தம்பி பொறுப்பில் விட்டுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பையன் "தண்ணி வேணும்" என்று வாயால் கேட்டான். அந்த இரண்டு சொல்லை எந்த லாபத்தோடும் ஒப்பிட முடியாது என்கிறார் அவர்.

சட்டம் தரும் உரிமை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி எதுவும் இக்குழந்தைகளைப் பாகுபாடு காட்டி மறுக்கக் கூடாது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு என்று சான்று இருந்தால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளும் உண்டு. அடையாள அட்டையைப் பெற்று வைத்துக்கொள்வது நல்லது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் பராமரிப்புக்கான கழிவைத் தம் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

நமக்குப் பின்

பெற்றோர் எல்லோரையும் உறங்கவிடாத கேள்வி இது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்தால், பெற்றவர்களே ஆனாலும் சட்டப்படி தாமாகவே காப்பாளராக நீடிப்பதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் நியமனம் பெறலாம். கடை, வீடு, வங்கிக் கணக்கு உள்ள நாம் இதையும் உயிலையும் ஒருசேரக் கவனிக்க வேண்டும். சகோதரர்களின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி விடுவது பிள்ளைக்குப் பாதுகாப்பல்ல.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கடைக்கு வரும் தாயின் பக்கத்தில் ஒரு குழந்தை அலறினால் வேடிக்கை பார்க்காமல், "அடக்கம்மா" என்று அதட்டாமல், அவருக்கு முதலில் சரக்கைக் கட்டிக் கொடுத்து அனுப்புவோம். நம் வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தால் திருமணம், திருவிழா எதற்கும் ஒளித்து வைக்காமல் உடன் அழைத்து வருவோம். நாம் மறைக்காவிட்டால்தான் ஊரும் பழகிக்கொள்ளும்.