நித்தியகல்யாணி: முற்றத்தில் வளரட்டும், கஷாயம் வேண்டாம்

எங்கள் புற்றுநோய்ப் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் பலர், வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியைப் பற்றிக் கேட்கின்றனர். மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, வெயிலை விரும்பும் பல்லாண்டுத் தாவரம். நீர் தேங்காத மண்ணில் குட்டை வகைகளை ஓரடி இடைவெளியில் நட்டு, நுனிகளைக் கிள்ளிவிட்டால், பக்கக் கிளைகள் பரவித் தரையை மூடும். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்றுங்கள். ஈரம் மிகுந்தால் வேர் அழுகிவிடும்.

இதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்ததைக் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் குழுவினர் 1958இல் அறிவித்தனர். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு நாங்கள் அளிக்கும் வின்கிறிஸ்டினும் இதே செடியின் கொடையே. ஆயினும் ஊசி மருந்தின் அளவு மில்லிகிராமில் கணக்கிடப்படுகிறது. வீட்டில் காய்ச்சும் கஷாயத்துக்கு அக்கணக்கு இல்லை. அது வெள்ளணுக்களைக் குறைக்கலாம், நரம்புகளையும் தாக்கலாம். ஏற்கெனவே குடித்திருந்தால் தயங்காமல் எங்களிடம் கூறுங்கள், கடிந்துகொள்ள மாட்டோம்.

சிகிச்சைக் காலத்தில் மண்வேலையை உறவினர் செய்யட்டும். செடியைத் தொட்டபின் கைகளைக் கழுவுங்கள். நோயாளி திண்ணையில் அமர்ந்து பூக்களைக் கண்டு மகிழட்டும்.