நஞ்சு விழும்வரை காத்திராதீர்கள்

வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், வடமதுரை என்று திண்டுக்கல்லைச் சூழ்ந்து கிடக்கும் வானம் பார்த்த பூமியில், மழை பொய்த்த வருஷங்களில் குடியானவன் குடும்பத்தைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் கொட்டிலிலுள்ள பசுவே யாகையால், அது கருவுற்றுக் கன்று ஈன்று வளர்க்கும் விதத்தை அறிந்திருப்பது மிகவும் அவசியம்.

சினையில்லாத பசு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது. தீனியை மறந்து ஓயாமல் கத்துவதும், பிறப்புறுப்பிலிருந்து தெளிந்த கோழை கம்பியாய் ஒழுகுவதும், வேறொரு மாடு மேலேறினால் விலகாமல் நிற்பதும் அதன் அடையாளங்கள். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடுவது முறை. கர்ப்பகாலம் சுமார் 280 நாட்கள். அதில் கடைசி இரண்டு மாதம் கறவையை வற்றவிட்டால்தான் மடி புதுப்பிக்கப்படும்.

பனிக்குடம் உடைந்ததும் முன்னங்கால்கள் இரண்டும், அவற்றின்மேல் படிந்த மூக்கும் முதலில் வெளிவரும். காங்கேயம் இனமாயின், பின்னாளில் வெளுத்துப்போகும் அக்கன்று பிறக்கும்போது செந்நிறமாகவே இருக்கும். தாய் அதை விடாமல் நக்குவது பாசத்தினால் மட்டுமன்று. ஈரம் உலர்வதற்கும், சுவாசமும் ரத்த ஓட்டமும் சீராவதற்கும் அதுவே முதல் சிகிச்சை.

இனி நான் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். மனித சிசு கர்ப்பத்திலேயே தாயின் ரத்தத்திலிருந்து நோயெதிர்ப்புச் சக்தியைப் பெற்றுக்கொள்கிறது. பசுவின் நஞ்சுக்கொடியோ அதைக் கடத்தும் அமைப்புடையதன்று. ஆகவே கன்றுக்குக் கிடைக்கும் ஒரே கவசம் சீம்பால். அதிலுள்ள எதிர்ப்புப் பொருள்களை அப்படியே ரத்தத்தில் ஏற்கும் குடலின் வாயில், மணிக்கு மணி ஒடுங்கி, ஒரு நாளுக்குள் அடைபட்டுவிடுகிறது. இப்படியிருக்க, நஞ்சு விழுந்த பிறகே கன்றை ஊட்டவிட வேண்டுமென்று பல கொட்டில்களில் அதைக் கட்டிப்போடுவது எத்தனை பெரிய கொடுமை! கன்று முட்டி ஊட்டும்போது தாயின் உடலில் ஆக்ஸிடோசின் சுரந்து கருப்பை சுருங்குவதால், நஞ்சு விரைவில் கழலவும் அது துணைசெய்கிறது. விழுந்த நஞ்சை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் தொங்கவிடும் பழைய சம்பிரதாயத்தால் எவருக்கும் நஷ்டமில்லை; கன்றைப் பட்டினி போடுவதால் உயிர் நஷ்டமே உண்டு.

முப்பது கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் மூன்று லிட்டர் சீம்பாலாவது வேண்டும். அதன் முதல் பங்கை ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டிவிடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் நஞ்சு விழாவிட்டால், அதைக் கையால் பிடித்து இழுக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.