கட்டிகளால் எழும் புகையிரதம்

டென்மார்க் தேசத்து லெகோ நிறுவனம் 1966இல் தன் விளையாட்டுக் கட்டிகளோடு தண்டவாளமும் விற்கத் தொடங்கிற்று. மெய்யான புகையிரதத்தை அக்கட்டிகளால் அச்சொட்டாக அமைக்க விழைவோர்க்கு அத்தண்டவாளமே முதற் சிக்கல். அதன் இடைவெளி ஏறத்தாழ 38 மில்லிமீற்றர். ஐரோப்பாவிற் பெருவழக்கான 1,435 மில்லிமீற்றர்ப் பாதையில் 38இல் ஒரு பங்கு. அக்கணக்கின்படி 3 மீற்றர் அகலமான பெட்டிக்குப் பத்துக் குமிழ் அகலம் வேண்டும். கட்டியின் மேலுள்ள குமிழொன்றுக்கு இடம் 8 மில்லிமீற்றர். நிறுவனத்தின் வண்டிகளோ பெரும்பாலும் ஆறு குமிழே. நீளத்திலும் கணக்கை விடாது பற்றினால், 24 மீற்றர்ப் பெட்டி 63 சென்ரிமீற்றராகும். வளைவின் ஆரையோ வெறும் 32. பெட்டி திரும்புவதெங்ஙனம்? ஆதலின் தேர்ந்த கைவினைஞர் பலர் எட்டுக் குமிழில் அமைகின்றனர். கணக்குப் பிழைக்கிறது, கண்ணுக்குப் பிழை தோன்றுவதில்லை. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. நீளத்தைச் சுருக்க இரண்டொரு யன்னல்களையும் விட்டுவிடுவர். ஓடும் வண்டியில் யன்னலை எண்ணுவார் யார்?