பாடசாலை உதைபந்தாட்டம்: மெலிவும் அதன் காரணங்களும்

ஒரு பாடசாலை அணி ஏழு கோல்களால் தோற்று ஊர் திரும்பினால், அவ்வூரார் பேசும் பேச்சு பெரும்பாலும் ஒரே வகையினதாக இருக்கும். “எங்கள் பிள்ளைகளுக்குப் பந்து வராது” என்பார் ஒருவர். “யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளைப் பாருங்கள்” என்பார் மற்றொருவர். இப்பேச்சு பிள்ளைகளின் செவிக்கும் எட்டும். அடுத்த ஆண்டு அணி சேர்க்க முற்படும் ஆசிரியருக்குப் பதினொரு பேரும் கிடையார். மாவட்டத்தோடு மாவட்டத்தை ஒப்பிடுவதில் குற்றமில்லை. ஆனால் கோல் கணக்கை மாத்திரம் வைத்து ஒப்பிடும்போது, மெலிந்த அணி ஏன் மெலிந்தது என்னும் கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகின்றது.

முதலில் நிலத்தைக் கவனிப்போம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பாங்கான நிலம் எழுவான்கரை எனப்படும். வாவிக்கு மேற்கேயுள்ள வயல்நாடு படுவான்கரை. முன்னர் ஆரைப்பற்றை என வழங்கிய ஆரையம்பதி எழுவான்கரை ஊர்களுள் ஒன்று. இங்கே மழைநீர் மணலில் விரைந்து வடியும். ஆயினும் மணலிற் பந்து உருளாது, ஓடுகின்ற கால் புதையும். படுவான்கரையிலோ களிமண் மாரியிற் சேறாகிக் கிடக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெடித்துக் கல்லைப்போல் இறுகும். ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்யும் வாடை மழையில் இரு கரையிலும் பயிற்சி தடைப்படும். மழை ஓய்ந்தால் படுவான்கரையிற் பெரும்போக அறுவடை வரும். மூத்த மாணவர் பலர் வயலிலே நிற்பர். ஆகவே ஒரே மாவட்டத்தினுள்ளும் ஒரு கரையின் பாடசாலையை மறு கரையின் பாடசாலையோடு ஒரே கோலால் அளந்துவிட முடியாது.

வழித்தொலைவும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, ஆரையம்பதிப் பக்கத்திலிருந்து கொக்கட்டிச்சோலைக்குச் செல்பவர் ‘பாதை’ எனப்பட்ட மிதவையிலேறி வாவியைக் கடந்தனர். அணியொன்று அக்கரை சென்று விளையாடிவிட்டு இருட்டுமுன் திரும்புவது அந்நாளில் எளிதான காரியமாக இருக்கவில்லை. பாலம் வந்தபின் தூரம் குறைந்தது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக இரு கரைப் பாடசாலைகளும் அருமையாகவே சந்தித்தமையால் விளைந்த பழக்கக் குறைவு ஒரு பாலத்தால் மாத்திரம் நீங்கிவிடாது.

இனி ஏனைய மாவட்டங்களை நோக்குவோம். யாழ்ப்பாணத்திற் புனித பத்திரிசியார் கல்லூரியும், இளவாலைப் புனித ஹென்றியரசர் கல்லூரியும் உதைபந்தாட்டத்திற் பெயர்பெற்றவை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் தேசிய மட்டத்தில் வென்று புகழ் சேர்த்தனர். இவ்வலிமை பாடசாலைக்குள்ளே மாத்திரம் பிறந்ததன்று. குருநகர், நாவாந்துறை முதலிய கரையோர ஊர்களிலே விளையாட்டுக் கழகங்கள் நிலைபெற்றிருக்கின்றன. சிறுவன் மாலையில் அண்ணன்மாரோடு விளையாடிப் பழகிய பின்னரே பாடசாலை அணிக்கு வருகின்றான். மன்னாரின் மீனவக் கிராமங்களிலும் இத்தகைய வழக்கத்தைக் காணலாம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் வரலாறு வேறு. போரின் இறுதிக் கட்டத்தில், 2008, 2009ஆம் ஆண்டுகளில், மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தனர். பாடசாலைகள் கூரையும் தளபாடமும் இன்றி மீண்டும் தொடங்கவேண்டியிருந்தன. நுவரெலியாவின் தோட்டப்புறத்திலே குறை சமதரையைப் பற்றியது. உதைபந்தாட்ட விதிப்படி மைதானம் 90 முதல் 120 மீற்றர் வரை நீளமும், 45 முதல் 90 மீற்றர் வரை அகலமும் கொண்டிருத்தல் வேண்டும். தேயிலைச் சரிவுகளுக்கிடையே அத்துணைச் சமநிலம் கிடைப்பது அரிது. மட்டக்களப்புக்கும் தனக்கென இடர்கள் உண்டு. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையும், நீண்ட போரும் பாடசாலை வளவுகளை அகதிகளின் உறைவிடமாக்கின. இம்மாவட்டங்களின் அணிகள் யாவும் ஒரே சுற்றில் தோற்று வெளியேறலாம். ஆயினும் ஒன்றுக்கு வேண்டுவது சமதரை. மற்றொன்றுக்கு வேண்டுவது கழகம். பிறிதொன்றுக்கு வேண்டுவது ஓர் ஆசிரியர்.

ஆசிரியர் என்னும்போது மட்டக்களப்பு நகரிலேயே ஒரு சான்று உண்டு. 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரி கூடைப்பந்தாட்டத்தில் நாடறிந்த பெயர் பெற்றது. அமெரிக்காவிலிருந்து வந்த யேசு சபைத் துறவியரின் நெடுங்கால உழைப்பு அதற்கு ஒரு காரணம். வெபர் அடிகளாரின் பெயரை நகரின் விளையாட்டரங்கம் இன்றும் தாங்கி நிற்கின்றது. 1990 ஆகஸ்டிற் காணாமற்போன யூஜின் ஹேபர்ட் அடிகளாரும் அங்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றியவரே. இம்மண்ணின் பிள்ளைகளுக்கு விளையாட்டு வராது என்பது பொருந்தாக் கூற்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. கூடைப்பந்து ஆடுகளம் 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்டது. சீமெந்துத் தரையாதலால் மழைவிட்ட சிறிது நேரத்தில் மீண்டும் ஆடலாம். உதைபந்தாட்டத்துக்கோ அதனைப்போற் பதினைந்து மடங்கு நிலம் வேண்டும். ஆசிரியரும் களமும் நிலைத்து நின்ற இடத்தில் திறமையும் நிலைத்தது.

மெலிந்த அணியை மேலும் மெலியச் செய்வது சுற்றுப்போட்டியின் அமைப்பு. பதினாறு பாடசாலைகள் விலகல் முறையில் மோதுவதாகக் கொள்வோம். மொத்தம் 15 ஆட்டங்கள் நடைபெறும். முதற் சுற்றிலேயே எட்டு அணிகள் வீடு திரும்பும். ஓர் ஆட்டம் 60 நிமிடமெனின், அந்த எட்டுப் பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு அச்சுற்றுப்போட்டி தந்த அனுபவம் ஒரு மணி நேரம் மாத்திரமே. அதிகமாக ஆடவேண்டியவர்கள் குறைவாக ஆடுகின்றனர். ஏற்கெனவே வல்லவர்களோ நான்கு ஆட்டங்கள் ஆடி மேலும் வல்லவராகின்றனர்.

இதற்கு மாற்று எளிது. நந்நான்கு பாடசாலைகளாக நான்கு குழுக்கள் அமைத்து, ஒவ்வொரு குழுவையும் ஒரே நாளில் ஒரே மைதானத்திற் கூட்டி, இருபது நிமிட ஆட்டங்களாக நடத்தலாம். ஒரு குழுவில் ஆறு ஆட்டங்கள். ஆட்ட நேரம் 120 நிமிடமே. ஒவ்வோர் அணிக்கும் மூன்று எதிரணிகள் கிடைக்கும். முதல் ஆட்டத்திற் கண்ட பிழையை மூன்றாவது ஆட்டத்திலேயே திருத்திக்கொள்ள வாய்ப்பும் உண்டு. பயணச் செலவோ ஒரு முறைக்குரியதே.

மாணவர் தொகையையும் மறத்தலாகாது. உரிய வயதில் இருநூறு ஆண்பிள்ளைகள் உள்ள நகரப் பாடசாலையும், இருபதே பேர் உள்ள கிராமப் பாடசாலையும் ஒரே பிரிவில் மோதுமாயின், முன்னதற்குப் பதினெண்மருள் ஒருவனைத் தெரியலாம். பின்னதிற் பாதிப்பேருக்கு மேல் களமிறங்கியே ஆகவேண்டும். அத்தகைய கிராமத்து அணி இரண்டு கோல்களால் மாத்திரம் தோற்குமாயின், அது பாராட்டத்தக்க முயற்சியே.

மெலிவு என்பதும் ஒப்பு நோக்கி வழங்கும் சொல்லேயாகும். இலங்கை 1995இற் கொழும்பில் இந்தியாவை வென்று தென்னாசியத் தங்கக் கிண்ணத்தைப் பெற்றது. அதே இலங்கை 2023இல் உலகத் தரவரிசையில் இருநூறுக்கும் கீழே நின்றது. நாட்டில் முந்திய மாவட்டமும் உலகக் கணக்கில் மெலிந்ததே. நான்கு இலட்சத்துக்கும் குறைந்த மக்களைக் கொண்டதும், குளிர்காலம் நீண்டதுமான ஐஸ்லாந்து கூரையிட்ட மைதானங்களை அமைத்தது. பயிற்றுநர் பலரை முறையாகப் பயிற்றியது. 2018 உலகக் கிண்ணப் போட்டிக்குத் தகுதி பெற்றது. வாடை மழையுடைய மாவட்டங்கள் இதனைக் கருதிப் பார்த்தல் தகும்.

ஆகவே பாடசாலை அதிபரும் வலயக் கல்வி அலுவலரும் பெற்றோரும், மெலிந்த அணியைக் காணும்போது நான்கு கேள்விகள் கேட்கலாம். ஆண்டில் எத்தனை நாட்கள் மைதானம் ஆடத்தக்கதாக இருந்தது? உடற்கல்வி ஆசிரியர் எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து பணிபுரிந்தார்? பிள்ளைகள் எத்தனை ஆட்டங்கள் ஆடினர்? எத்தனை பேரிலிருந்து அவ்வணி தெரியப்பட்டது? பெண்பிள்ளைகளின் அணிக்கும் இவையே கேள்விகள். விடைகளை ஆண்டுதோறும் ஒரு கொப்பியிற் குறித்து வைத்தால், எம்மாவட்டத்தோடு எதனை ஒப்பிடுவது, எங்கே உதவுவது என்பன தெளிவாகும். ஏழு கோல்களால் தோற்ற அணி அடுத்த ஆண்டும் தன் பெயரைப் பதிவு செய்ததா என்பதையும் அக்கொப்பியில் எழுதிவைத்தல் வேண்டும்.