பென்சிலின் இருக்க ஆராய்ச்சி எதற்கு?

முத்தாண்டிக்குப்பம் போன்ற ஊரின் கர்ப்பிணிக்கும் எடுக்கச் சொல்லும் விடிஆர்எல் பரிசோதனை, சிபிலிஸ் கிருமியைத் தேடுவதே இல்லை. மாட்டு இதயத்திலிருந்து பிரித்த கார்டியோலிப்பின் என்ற கொழுப்போடு ரத்தத்தின் எதிர்ப்பொருள் சேர்ந்து துகள்துகளாகத் திரள்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அதனால் மலேரியா, ஏன், கர்ப்பமேகூடச் சில சமயம் பொய்யாக 'பாசிட்டிவ்' காட்டிவிடும். 1905இல் கண்டறிந்த சிபிலிஸ் கிருமியான ட்ரெபோனிமா பாலிடத்தை ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து வளர்க்க 2018 வரை வழியில்லை. அதுவரை முயலின் விரையில் வளர்ப்பதுதான் கதி.

பென்சிலின் ஊசியே போதுமே, கிருமியை ஆராய இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். 2019இல் இலங்கை, தாயிடமிருந்து சேய்க்குச் சிபிலிஸ் பரவுவதை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்றதும் பரிசோதனை, பென்சிலின் இவற்றால்தான். ஆனால் குணமானவருக்கு மறுபடி தொற்றாமல் ஊசி காக்காது. அதற்குத் தடுப்பூசி வேண்டும். கிருமியின் மேலுறையிலோ தடுப்பூசி குறிவைக்கப் புரதம் சொற்பம், அதிலும் டிபிஆர்கே என்ற புரதம் உருமாறிக்கொண்டே இருக்கிறது.